நொய்யல் சொன்ன கணக்கு

திருப்பூரின் வரலாற்றைச் சாயக்கழிவை வைத்தே எழுதுகிறோம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்ட பிறகே, கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு இங்கே வேரூன்றியது. ஆனால் அதே ஊரில் ஓசையில்லாமல் வளர்ந்த இன்னொரு தொழிலும் உண்டு. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி, நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். நிறம் துணியிலேயே இருப்பதால் பெரும்பாலும் புதுச் சாயம் வேண்டாம். இந்த ஊரின் பெருமை என்று நான் இதைத்தான் சொல்வேன். துணி பருத்தியாக இருக்கும்வரைதான் இது எளிது; லைக்ரா கலந்தாலே சிக்கல்.

இனி வரும் ஸ்மார்ட் ஆடைகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. இதயத்துடிப்பை அளக்கும் பனியனில் வெள்ளி பூசிய நூல், பாலிமர், மின்சுற்று, லித்தியம் பேட்டரி எல்லாம் ஒட்டிக்கிடக்கலாம். அதைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டால் பஞ்சு கெடும். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். பெருவாரியாகச் சந்தைக்கு வராத பொருளுக்கு இப்போதே கவலை எதற்கு என்று கேட்கலாம். சாயத்திலும் அப்படித்தான் ஏற்றுமதி முதலில் வளர்ந்தது, சுத்திகரிப்பு பின்னால் வந்தது. இடைப்பட்ட காலத்தின் விலையை நொய்யல் விவசாயிகள் கொடுத்தார்கள். மின்பாகங்களைக் கழற்றும்படி செய்தால் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் பிரஸ் பட்டனில் மாட்டும் சென்சார் பெட்டியும், சூட்டில் உருகிப் பிரியும் தையல் நூலும் ஏற்கெனவே இருக்கின்றன. இத்தகைய பனியனுக்கான முதல் ஆர்டரை ஏற்கும்போதே, பிரித்தெடுக்கும் வழியையும் அதற்கான விலையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.