எலிக்கு எதுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்? எம்எஸ் நோய் ஆய்வும் திருச்சியில் பிறந்த ராமனின் ஒளியும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் திருவானைக்காவல் வந்துவிடும். 1888-ல் சர் சி.வி.ராமன் பிறந்த ஊர் இது. அவர் 1928-ல் கண்டறிந்த ஒளிச்சிதறல், ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்ற நரம்பு நோய் ஆய்விலும் இன்று பயன்படுகிறது. ஆனால் அந்த ஒளி மண்டையோட்டைத் தாண்டிப் போகாது. அதனால்தான் எலிக்கும் எம்ஆர்ஐ தேவைப்படுகிறது.

எம்எஸ் என்றால் என்ன?

கரன்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்பு இழைகளுக்கு மேலே ‘மைலின்’ என்ற கொழுப்பு உறை இருக்கிறது. நம்ம உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுவதுதான் எம்எஸ். பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

எலிக்கு எப்படி வருது?

தானாக வராது, ஆய்வகத்தில் வரவைக்க வேண்டும். ஒரு வழி, மைலின் புரதத்தை ஊசியில் செலுத்தி எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது. இதன் முன்னோடி, 1933-ல் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் குழு குரங்குகளிடம் செய்த ஆய்வு. இன்னொரு வழி, தீவனத்தில் ‘குப்ரிசோன்’ கலந்து சில வாரங்கள் கொடுப்பது. மைலின் உதிரும். நிறுத்தினால் மறுபடி வளரும். உறை திரும்ப வளர்வதைப் பார்க்க இதுதான் வசதி.

ஸ்கேன் எதுக்கு?

முன்பெல்லாம் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க விலங்கைக் கொன்றுதான் ஆக வேண்டும். அதே எலி போன வாரம் எப்படி இருந்தது, மருந்து கொடுத்த பிறகு எப்படி மாறியது என்று தெரியாது. எம்ஆர்ஐயில் எலியை மயக்கி, கத்தி வைக்காமல், ஒரே எலியை வாரா வாரம் படம் எடுக்கலாம். தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கையும் குறையும்.

எலியின் மூளை அரை கிராம்கூட இருக்காது. அதனால் மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தத்துக்குப் பதில் 7, 9.4 டெஸ்லா காந்தங்கள் பயன்படுகின்றன. ‘கடோலினியம்’ மருந்து ஏற்றினால், ரத்தக்குழாய்த் தடுப்பு உடைந்த இடம் வெளிச்சமாகத் தெரியும்.

ராமனின் ஒளி எங்கே வருது?

எம்ஆர்ஐயில் தெரியும் வெள்ளைப் புள்ளி மைலின் போனதாலா, வெறும் வீக்கமா என்று உறுதியாகச் சொல்வது கடினம். ராமன் சிதறல் அடிப்படையிலான நுண்ணோக்கியில் கொழுப்பு மூலக்கூறுகளின் அதிர்வை வைத்து, சாயமே ஏற்றாமல் மைலினைப் பார்க்கலாம். ஆனால் அதற்குத் திசுவைத் திறந்தாக வேண்டும். எம்ஆர்ஐ இடத்தைக் காட்டும், ராமனின் ஒளி அங்கே என்ன நடந்தது என்று சொல்லும்.

எலியில் பலித்தால் மனிதருக்கும் பலிக்குமா?

இரண்டு மருந்துகளின் கதையே பதில். ‘நேடலிசுமாப்’ மருந்துக்கான வழி, 1992-ல் எலிகளிடம் நடந்த ஆய்வில் திறந்தது. 2004-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அரிதான மூளைத் தொற்று காரணமாக 2005-ல் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு 2006-ல் திரும்பியது. ‘லெனர்செப்ட்’ விஷயம் வேற. விலங்குகளில் அந்த வழி நல்ல பலன் தந்தது. ஆனால் 1999-ல் வெளியான சோதனை முடிவில், அதைப் பெற்ற நோயாளிகளுக்கு நோய்த் தாக்குதல் அதிகமானது தெரியவந்தது.

ஆகவே ‘எலியில் குணமானது’ என்ற செய்தியைப் பார்த்து, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு கண்ணில் பார்வை திடீரென மங்கினாலோ, மரத்துப்போவது ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ‘சரியாயிடும்’ என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்க. தானாகக் குறைந்தாலும் சொல்லுங்க, எம்எஸ் அப்படித்தான் வந்து வந்து போகும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்எஸ் இடம்பெற்றுள்ளதால், பாதிப்பின் அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.