சிவப்பு இடம், பச்சை வலம்

படகுக்கு ஹெட்லைற் கிடையாது. காருக்கு உண்டு, லொறிக்கு உண்டு, சைக்கிளுக்குக்கூட டைனமோ வைத்த லைற் உண்டு. முன்னால் உள்ள தெரு தெரியவேண்டும் என்பதற்காக அவை. தண்ணீரில் தெருவும் இல்லை, வெள்ளைக்கோடும் இல்லை. அங்கே எரிகிற விளக்கு எதிரே வருகிறவருக்காக எரிகிறது. இங்கே ஒருவன் இருக்கிறான், இந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு அது சொல்லவேண்டும்.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் சின்னப் படகுகளுக்கு வயர் இழுத்துக் கொடுப்பது என் தொழில். பனி விலகிப் படகுகள் தண்ணீரில் இறங்கும் மே மாதத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். "அண்ணை, கூட ரெண்டு லைற் பூட்டித் தாறீங்களே?" பூட்டித் தருவேன். ஆனால் படகில் ஏற்கெனவே இருக்கும் லைற் ஏன் அந்த இடத்தில், அந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் புதியதைப் பூட்டவேண்டும். ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கு வரப் பல உயிர்கள் போயிருக்கின்றன.

1860 செப்டம்பர் 8, மிச்சிகன் ஏரி. சிக்காகோவுக்கு உல்லாசப் பயணம் போன மில்வாக்கி நகரத்து ஐரிஷ் குடும்பங்கள் 'லேடி எல்ஜின்' என்ற நீராவிக் கப்பலில் இரவோடு இரவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. காற்றும் மழையும் வலுத்திருந்தன. உள்ளே இசையும் ஆட்டமும் நடந்தன. அதிகாலை இரண்டரை மணியளவில் மரம் ஏற்றிவந்த 'ஆகஸ்டா' என்ற பாய்க்கப்பல் அதன் இடப்பக்கத்தில் வந்து மோதியது. நீராவிக் கப்பலின் விளக்குகளை ஆகஸ்டாவில் இருந்தவர்கள் கண்டார்கள். கண்டும் நேரத்துக்குத் திருப்பவில்லை. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். இடித்த ஆகஸ்டா மிதந்தபடியே சிக்காகோ போய்ச் சேர்ந்தது. பாய்க்கப்பல்களும் இரண்டு பக்கத்திலும் நிற விளக்கு எரிக்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1864இல்தான் வந்தது. நீராவிக் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தபோதே அந்த விபத்து நடந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. வெளிச்சம் எரிந்தால் மட்டும் போதாது. கண்டவுடனே, அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டவருக்கு விளங்கவேண்டும்.

அதற்கான வழி அப்போது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 1848இல் நீராவிக் கப்பல்களுக்கு மூன்று விளக்குகளை விதித்தது: பாய்மரத்தில் வெள்ளை, வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. பத்து வருடம் கழித்து, 1858இல், பாய்க்கப்பல்களுக்கும் நிற விளக்குகள் கட்டாயமாயின. 1863இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஒரே விதித்தொகுப்பை ஏற்றன. மற்றக் கடலோடி நாடுகளும் ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன.

இந்த ஏற்பாட்டின் உயிர் நிறத்தில் பாதி, கோணத்தில் பாதி. அந்தக் காலத்துத் திசைகாட்டியில் வட்டத்தை 32 பங்காகப் பிரித்திருப்பார்கள். பக்க விளக்கு ஒவ்வொன்றும் அதில் பத்துப் பங்கு அகலத்துக்குத் தெரியவேண்டும். இன்றைய கணக்கில் 112.5 பாகை. நேர் முன்னால் தொடங்கி, பக்கவாட்டையும் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வந்து நின்றுவிடும். பின்பக்க வெள்ளை விளக்கு மீதி 135 பாகையை நிரப்பும். ஆகவே இருட்டில் உங்களுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது ஒரு படகின் இடப்பக்கத்தை. அது உங்கள் இடப்புறமாகப் போகிறது. பச்சை மட்டும் என்றால் வலப்புறமாக. வெள்ளை மட்டும் என்றால் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது அது நங்கூரம் போட்டு நிற்கிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது.

நிறம் கோணம் தாண்டி அடுத்த பக்கத்துக்குக் கசிந்தால் முழுக்கணக்கும் குலைந்துபோகும். அதனால் பழைய விதி ஒரு பலகையைக் கேட்டது. பக்க விளக்குக்கு உட்புறமாக, விளக்கிலிருந்து முன்னோக்கிக் குறைந்தது மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்கும் தடுப்புப் பலகை. சிவப்பு வெளிச்சம் அணியத்தை, அதாவது படகின் மூக்கை, கடந்து வலப்பக்கம் தெரியாமல் அது மறைக்கும். பழைய கப்பற்படங்களில் விளக்குக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு ஏற்றிய அளவுக்கு மறைப்பதற்கும் பாடுபட்டிருக்கிறார்கள். என் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பலகையைத்தான்.

இலங்கையில் எங்கள் ஊரான வல்வெட்டித்துறையின் தண்டையல்மாருக்கும், அதாவது கப்பல் தலைவர்களுக்கும், இந்த விதி புதிதில்லை. அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, ஊர்க்காரரே அதைச் செலுத்திக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியிலுள்ள துறைமுகங்களில் யாருக்கும் அவர்கள் தமிழில் பேசி விளங்கப்படுத்த முடியாது. விளக்கு பேசும். கடலோடிய என் பெரிய தாத்தா, எழுத்துக் கற்குமுன் எனக்குச் சொல்லித் தந்தது, "சிவப்பு இடம், பச்சை வலம்" என்பதைத்தான்.

சின்னப் படகுகளை விதி எழுதியவர்கள் மறந்துவிடவில்லை. 1863 விதியிலேயே திறந்த படகுகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஒரே லாந்தர், அதன் ஒரு பக்கத்தில் பச்சைக் கண்ணாடித் தட்டு, மறுபக்கத்தில் சிவப்புக் கண்ணாடித் தட்டு. வேறு கப்பல் நெருங்கி வரும்போது, மோதலைத் தவிர்க்க நேரம் இருக்கும்போதே அதைத் தூக்கிக் காட்டவேண்டும், பச்சை இடப்பக்கத்திலும் சிவப்பு வலப்பக்கத்திலும் தெரியாதபடி. ஒரு கையில் துடுப்பும் மறு கையில் லாந்தருமாக, அலையில் ஆடுகிற வள்ளத்தில் இதைச் செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். இன்றைய விதியிலும் துடுப்புப் படகுக்கு இதன் பேரப்பிள்ளை இருக்கிறது: வெள்ளை வெளிச்சம் தருகிற ஒரு ரோச் லைற் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்து விளக்குகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பழைய கப்பற்சாமான் விற்கும் கடைகளில் செம்பாலும் பித்தளையாலும் செய்த பக்க விளக்குகள் கிடைக்கும். வலப்பக்க விளக்கின் கண்ணாடியைப் பகலில் பார்த்தால் பச்சையாக இராது, நீலம் கலந்திருக்கும். யாரோ உடைந்த கண்ணாடியை மாற்றிவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். மாற்றவில்லை. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். மஞ்சளை நீலப்பச்சைக் கண்ணாடி வழியாக விட்டால் வெளியே வருவது பச்சை. சுடரையும் கண்ணாடியையும் ஒன்றாக வைத்தே நிறத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். ரயில் கைகாட்டி விளக்கிலும் இதே முறைதான். திரியைக் கத்தரித்து, சிமினியின் கரியைத் துடைத்து வைத்தால்தான் அந்தப் பச்சை ஒரு மைல், இரண்டு மைல் தாண்டியும் பச்சையாகவே தெரியும்.

இந்தக் கண்ணாடி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து அதே சிக்கல் வேறு உருவில் வந்து நிற்கிறது.

லாந்தர் காலம் முடியுமுன்பே உல்லாசப் படகுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் ஓடி, பத்து லட்சம் பேருக்குமேல் ஏற்றி இறக்கின. ஆனால் சாதாரண மனிதர் வாங்கியது பெற்றோல் எஞ்சின் படகைத்தான். விலையும் குறைவு, பற்றறியின் பாரமும் இல்லை. ஏரிகளிலும் ஆறுகளிலும் அவை பெருகியபோது அமெரிக்க நாடாளுமன்றம் 1910 ஜூன் 9இல் மோட்டார் படகுகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 65 அடிவரை உள்ள படகுகளை மூன்று வகையாகப் பிரித்தது. 26 அடிக்குக் குறைந்த முதல் வகைக்கு இரண்டு லாந்தர் போதும்: அணியத்தில் பச்சையும் சிவப்பும் ஒன்றாகச் சேர்ந்த லாந்தர், பின்பக்கத்தில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை. இன்று கடைக்குப் போய் ஒரு 18 அடிப் படகு வாங்கினாலும் இதே இரண்டு விளக்கோடுதான் வரும். மூக்கில் சிவப்பும் பச்சையும், பின்னால் கம்பத்தில் ஒரு வெள்ளை. மனிதர் அதைப் படகோடு பிறந்ததாக நினைக்கிறார்கள். அது ஒரு சட்டத்தின் வடிவம்.

அந்தக் காலத்துப் படகுக்காரரின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கிவிடும். அதே படகில் மண்ணெண்ணெய் லாந்தரைத் தீக்குச்சி தட்டிக் கொளுத்தவேண்டும். விளக்குச் சட்டத்தை மதித்தவருக்கே அந்த ஆபத்து அதிகம். மின்விளக்கு சின்னப் படகுக்கு வந்தது அழகுக்கல்ல, இந்தச் சுடரை வெளியே அனுப்பத்தான். 1912இல் கடிலாக் கார்களில் மின்சாரத்தால் தொடங்கும் எஞ்சினும், அதோடு டைனமோவும் பற்றறியும் வந்தன. கார் எஞ்சினைத் தழுவிச் செய்த படகு எஞ்சின்களோடு அவையும் தண்ணீருக்கு வந்து சேர்ந்தன. முதலில் 6 வோல்ற், பிறகு 12.

மின்சாரம் வந்ததும் கூடுதல் விளக்கு ஆசையும் வந்தது. லாந்தர் காலத்தில் இன்னொரு விளக்கு என்றால் இன்னொரு திரி, இன்னொரு எண்ணெய்த்தொட்டி. மின்சாரத்தில் இன்னொரு சுவிட்ச் போதும். அறைக்குள் ஒன்று, எஞ்சினுக்கு மேல் ஒன்று, துறைக்கு வரும்போது வெளிச்சம் பாய்ச்ச முன்னால் இரண்டு. ஆனால் வயர் மெலிதாக இருந்தால் நீளத்தில் மின்னழுத்தம் விழும். இழை பல்பில் அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பழைய வயரிலேயே புதுப் புது விளக்குகளைத் தொடுத்துக்கொண்டு போன படகுகளில் முதலில் மங்கிப்போவது மூக்கிலிருக்கும் சிவப்பும் பச்சையும்தான், அவைதான் பற்றறிக்கு மிகத் தூரம். அப்படி ஒரு படகு என்னிடம் வந்தால் முதலில் தகரப்பூச்சுள்ள தடித்த வயரை அணியம்வரை தனியாக இழுத்து, பற்றறிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருபதாவது விதி கூடுதல் விளக்குக்கு எல்லை போடுகிறது. விதித்த விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய, அவற்றின் வெளிச்சத்தையோ தன்மையையோ கெடுக்கக்கூடிய, பார்த்துக் காவலிருப்பவரின் கண்ணைத் தடுக்கக்கூடிய வேறு விளக்கு எரியக்கூடாது. கூடுதல் விளக்கு பூட்டுகிற எவரும் மனப்பாடம் செய்யவேண்டிய விதி இது. கடைசிப் பகுதி ஓட்டுகிறவரின் சொந்தக் கண்ணுக்கும் பொருந்தும். மனிதக் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒரு வெள்ளை லைற் அதை ஒரு நொடியில் அழித்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வால்ட்டர் மைல்ஸ் என்ற உளவியலாளர், இரவில் பறக்கப்போகும் விமானிகள் வெளிச்சமான அறையில் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும் என்று கண்டார். இருட்டில் பார்க்க உதவும் கண்ணின் உயிரணுக்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே சுக்கானுக்குப் பக்கத்தில் லைற் கேட்பவருக்கு நான் மங்கிய சிவப்பைத்தான் பூட்டுவேன், அதுவும் விளிம்புக்குக் கீழே, வெளியே தெரியாதபடி. வெளியே தெரிந்தால் அது ஒரு இடப்பக்க விளக்காகிவிடும்.

1993இல் ஜப்பானில் சுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்தார். அதற்காக அவரும் அக்கசாகியும் அமானோவும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலத்திலிருந்துதான் வெள்ளை எல்.ஈ.டி. பிறந்தது. சின்னப் படகுக்கு இது பெரிய வரம். 10 வாற் இழை பல்பை நங்கூர விளக்காகப் பத்து மணிநேரம் எரித்தால் பற்றறியில் 8 ஆம்பியர்-மணிக்கு மேல் போகும், எல்.ஈ.டி.க்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் மண்ணெண்ணெய்ச் சுடருக்கு ஏற்பக் கண்ணாடியின் நிறத்தைக் கூட்டிக் குறைத்த பழைய கைவினைஞரின் கவலை இங்கே திரும்பி வருகிறது. இழை பல்புக்கென்று செய்த சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்.ஈ.டி.யை வைத்தால் சிவப்பு மங்கி இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ வெளியே வரும். பச்சை நீலத்துக்குச் சாயும். வெளிச்சம் நிற்கவேண்டிய கோணமும் மாறிவிடும், ஏனென்றால் இழை இருந்த இடத்தில் இப்போது பல புள்ளிகள் எரிகின்றன. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி., பச்சைக்குப் பச்சை. அல்லது முழு விளக்கையும் எல்.ஈ.டி.க்கென்றே செய்ததாக வாங்கவேண்டும். ஐந்து டொலர் பல்போடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

இப்போது விளிம்பைச் சுற்றி ஒட்டும் நிற எல்.ஈ.டி. பட்டிகளும், தண்ணீருக்கடியில் எரியும் நீல விளக்குகளும் வந்திருக்கின்றன. துறையில் கட்டி வைத்துக் குடும்பத்தோடு இருக்கும்போது அவை அழகு, அந்த அழகை நானும் ரசிப்பேன். ஓடும்போது அணைக்கவேண்டும். சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும் பட்டி, எதிரே வருகிறவரிடம் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்டிப் பொய் சொல்கிறது. மின்னும் நீலம் கனடாவில் பொலிஸ் படகும் அரசுப் படகும் காட்டும் விளக்கு. அதனால் அந்தப் பட்டிகளுக்கு நான் தனிச் சுவிட்ச் வைத்து, ஓடும் விளக்கைப் போட்டவுடன் அவை தானே அணையும்படி ரிலே பூட்டிவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு, இது விளக்கு வரலாற்றில் யாரும் எதிர்பாராதது. மலிவான எல்.ஈ.டி.களின் உள்ளே இருக்கும் மின்சுற்று இரைச்சலைக் கிளப்பி, படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் றேடியோவைக் கெடுக்கிறது என்று அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018இல் எச்சரித்தது. பார்க்க உதவும் பொருள், உதவி கேட்கும் வழியை அடைத்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு, றேடியோவில் ஆட்கள் பேசாத ஒரு சனலைப் போட்டு, இரைச்சல் கேட்கும்வரை ஸ்குவெல்ச் என்ற இரைச்சல் தடுப்பைத் திறந்து, பிறகு இரைச்சல் நிற்கும்வரை மட்டும் மூடவேண்டும். அப்போது புது லைற்றைப் போடுங்கள். றேடியோ மறுபடி இரையத் தொடங்கினால் அந்த லைற் அந்தப் படகுக்கு ஆகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் நான் கழற்றித்தான் கொடுப்பேன்.