சுருளின் ஓரத்தில் ஓர் ஆண்டு

திடலில் வெள்ளைத் துணி கட்டித் திரைப்படம் காட்டிய காலமொன்று மலாயாத் தோட்டங்களில் இருந்தது. லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவாயினும் சமவெளி ரப்பர்த் தோட்டமாயினும், படம் வருகிறதென்றால் லயமே திரண்டுவிடும். அறுந்த சுருளை ஒட்டும்போது வெட்டியெறிந்த துண்டுகளைச் சிறுவர் பொறுக்கி, வெயிலில் பிடித்து நடிகர் முகத்தைத் தேடுவர். துண்டின் ஓரத்தை எவர் பார்த்தார்?

பார்த்திருந்தால் துளைகளை ஒட்டிச் சில சிறு குறிகள் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடாக் ஆலை, தன் பிலிமின் ஓரத்தில் உற்பத்தி ஆண்டை வடிவங்களால் பொறித்து வந்தது. 1916க்கு வட்டம், 1917க்குச் சதுரம், 1918க்கு முக்கோணம். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வடிவங்கள் திரும்பி வரும். ஆகவே வட்டம் 1936ஐயும் குறிக்கலாம். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமா, தீ அஞ்சத் தேவையில்லாத பிலிமா என்பதையும் ஓர எழுத்துகள் பல வேளை கூறிவிடும். ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: குறி காட்டுவது பிலிம் செய்த ஆண்டையேயன்றிப் படம் பிடித்த ஆண்டையன்று. அதற்கு முன் பிடித்திருக்க இயலாது என்ற எல்லையை மட்டும் அது வகுத்துத் தரும்.

அந்த எல்லைக்காகத் தமிழர் ஏங்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ ஆர். நடராஜ முதலியாரால் சென்னையில் எடுக்கப்பட்டது. மௌனப்படம், மகாபாரதக் கதை. அது வெளிவந்த ஆண்டு 1916 என்பார் சிலர், 1917 என்பார் சிலர், 1918 என்பாரும் உளர். வட்டமா, சதுரமா, முக்கோணமா என்ற கேள்வியும் ஏறக்குறைய இதுவேயன்றோ! முதலியார் வாங்கியது ராச்செஸ்டர் பிலிமாக இருந்து, ஓரடித் துண்டு எஞ்சி, அதில் முக்கோணம் தெரிந்தால், 1916, 1917 என்ற இரு கூற்றும் அக்கணமே வீழும். வட்டம் தெரிந்தாலோ வழக்கு முடியாது. பழைய பிலிமை அடுத்த ஆண்டில் பயன்படுத்தியிருக்கக் கூடும்.

அத்துண்டு இல்லை. நைட்ரேட் பிலிம் தானே சிதைந்து பொடியாகும்; சிதையாததையும் வெள்ளிக்காக உருக்கியோர் பலர். இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல் தோன்றியது. அப்போது முதலியார் உயிருடன் இருந்தார். அவருடைய படங்களில் ஒன்றேனும் அதன் கைக்கு வந்து சேரவில்லை.