விளையாடாத கிளப்புகளின் வாத்தியார்

1997 ஜூலை 13. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். இந்தியாவில் வேறெந்த விளையாட்டுக்கும் அதுவரை அப்படியொரு கூட்டம் கூடியதில்லை. ஒரு பக்கம் மோகன் பாகான், அதன் பயிற்சியாளர் அமல் தத்தா. எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்கால், அதன் பயிற்சியாளர் பிரதீப் குமார் பானர்ஜி. கொல்கத்தாவுக்கு அவர் பி.கே.

ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் பத்திரிகைகளை ஆண்டவர் அமல் தத்தா. அவருடைய 'டைமண்ட்' வியூகம் காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று துவைத்திருந்தது. அந்தத் தெம்பில் எதிரணி வீரர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டினார். சாமி ஒமோலோ 'ஆம்லெட்' ஆனார். சோசோ வெள்ளரிக்காய் ஆனார். பைச்சுங் பூட்டியாவுக்கு 'சுங் சுங்'. பி.கே. அந்த ஏளனத்தையே எடுத்துத் தன் பையன்களின் ரோஷத்தைக் கிளறிவிட்டார். ஆட்டம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பாகான் 1. நான்கில் மூன்று கோல் பைச்சுங் அடித்தவை. அப்போது அவருக்கு வயது இருபது.

பைச்சுங்கின் ஊர் தெற்கு சிக்கிமில் உள்ள டிங்கிடாம் என்ற மலைக்கிராமம். விவசாயக் குடும்பம். நம் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை நினைத்துக்கொண்டால் போதும்: கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போய், சரிவுகளில் பயிர் வைத்துப் பிழைக்கும் ஊர்கள். அப்படியொரு ஊரிலிருந்து இறங்கி வந்த பையனை, லட்சம் பேர் கூச்சலிடும் மைதானத்தில் தயங்காமல் ஆட வைப்பதற்குக் கால்பந்து மட்டும் தெரிந்தால் போதாது. பி.கே.க்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க 35 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1936 ஜூன் 23-இல் வடக்கு வங்காளத்தின் ஜல்பைகுரி வட்டாரத்தில் பிறந்து, ஜம்ஷெட்பூரில் வளர்ந்தவர் பி.கே. பதினைந்து வயதில் பீகார் அணிக்காக சந்தோஷ் கோப்பையில் வலது விங்கில் ஓடியவர். 1954-இல் கொல்கத்தா வந்து ஆரியன் கிளப்பில் ஓர் ஆண்டு ஆடினார். அடுத்த ஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்குப் போனார். அதன்பின் ஓய்வு பெறும்வரை அதே அணிதான். மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டின் சட்டையையும் அவர் ஒருநாளும் போட்டதில்லை. அந்தக் காலத்து நட்சத்திரம் ஒருவர் இப்படி இருந்தது அபூர்வம். சுனி கோஸ்வாமி மோகன் பாகானுக்கு, துளசிதாஸ் பலராம் ஈஸ்ட் பெங்காலுக்கு என்று மைதானமே இரண்டாகப் பிரிந்து கிடந்தபோது, மூவரில் ஒருவரான பி.கே. மட்டும் ரயில்வேக்காரராகவே நின்றார். நின்றதோடு விடவில்லை. 1958-இல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீக்கையே வென்றது. மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அந்தப் பட்டத்தைத் தொட, 2019-இல் பியர்லெஸ் வரும்வரை 61 ஆண்டுகள் ஆயின.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்த அணியில் அவர் இருந்தார். 1960 ரோமில் கேப்டன்; பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. ஆனால் அவருக்குள் இருந்த பயிற்சியாளர் உருவான இடம் ஜகார்த்தா என்றே சொல்வேன்.

1962 ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்த இந்தோனேசியாவை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்துப் பேசியதால், ஊரே இந்தியர்கள்மேல் கொதித்துக் கிடந்தது. இந்திய அணி எங்கே போனாலும் ஊளைச் சத்தம். பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். உடம்பை நோய் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்துடன் ஆடும்போது தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. வேறொருவராக இருந்தால் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்குத் தூக்கிப் போட்டார். கட்டுப்போட்ட தலையோடு சென்டர் ஃபார்வர்டாக ஆடிய ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடியும் தென்கொரியா. கோல் கம்பத்துக்குக் கீழே காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ். குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் ஃபார்வர்டாகத் தொடங்கி கோல்கீப்பராக மாறியவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டியூராண்ட் கோப்பை வென்றது. முன்வரிசையில் செகந்தராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை பலராம். முந்தின இரவு ரஹீம் வீரர்களைக் கூட்டி, தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கம் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 17-வது நிமிடம் பி.கே. கோல். 20-வது நிமிடம் ஜர்னைல். கடைசியில் கொரியா ஒன்று திருப்பிக் கொடுத்தது. 2-1, தங்கம். அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் மறைந்தார். 'மைதான்' படத்தில் அஜய் தேவ்கன் ஏற்ற வேடம் இவர்தான்.

ஒரு வாத்தியார் சரியான நேரத்தில் சொல்லும் ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார் பி.கே. பின்னாளில் அவருடைய உடைமாற்றும் அறைப் பேச்சுக்கு வங்காளப் பத்திரிகைகள் 'வோக்கல் டானிக்' என்று பெயர் வைத்தன. அந்த டானிக்கின் மூலச்சரக்கு ஜகார்த்தாவில் கிடைத்தது.

அதற்காக வாய்ச்சொல் வீரர் என்று அவரை ஒதுக்கிவிடக் கூடாது. பெரிய ஆட்டக்காரர் என்றால் தானாகவே நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவார் என்பது நம் நாட்டு நம்பிக்கை. பல கிளப்புகளைக் கெடுத்ததும் அதுதான். பி.கே. அதை நம்பவில்லை. 1967-இல் ஓய்வு பெற்றவர், 1969-இல் ஜப்பானுக்குப் போய் ஜெர்மானியர் டெட்மார் கிராமரிடம் ஃபிஃபா பயிற்சியாளர் படிப்பைப் படித்தார். ஒலிம்பிக் கேப்டன், அர்ஜுனா விருது வாங்கிய முதல் கால்பந்து வீரர், மாணவனாகப் போய் உட்கார்ந்தார்.

1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. அந்த ஆண்டு ஒரு கோல்கூட வாங்காமல் அணி லீக்கை வென்றது. 1973-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் வடகொரியாவின் பியோங்யாங் அணியை 3-1 என்று தோற்கடித்தது. பிறகு வந்தது 1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் எதிரே மோகன் பாகான். ஐந்தாவது நிமிடத்தில் சுரஜித் சென்குப்தா தொடங்கி வைத்தார். ஷ்யாம் தாபா இரண்டு, ரஞ்சித் முகர்ஜி ஒன்று, சுபாங்கர் சன்யால் ஒன்று. 5-0. நான்கு கோல் வாங்கிய இளம் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியை மோகன் பாகான் பாதியில் வெளியே எடுத்தது. இன்றைக்கும் ஈஸ்ட் பெங்கால்காரர்கள் ஐந்து விரலைக் காட்டினால் மோகன் பாகான்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்.

மறு ஆண்டே மோகன் பாகான் செய்த காரியம், தன்னை அப்படி அவமானப்படுத்தியவரையே பயிற்சியாளராகக் கூட்டி வந்தது! எந்தக் கூடாரத்திலும் விளையாடாதவர் என்பது இங்கே கைகொடுத்தது. துரோகி என்று அவரைச் சொல்ல யாருக்கும் வழியில்லை. 1976 லீக்கில் ஆட்டம் தொடங்கிய 17-வது விநாடியில் முகமது அக்பர் அடித்த கோலால் ஈஸ்ட் பெங்கால் வீழ்ந்தது.

1977 செப்டம்பர் 24-இல் மோகன் பாகானோடு மோத நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே ஈடன் கார்டனுக்கு வந்தார். மழையில் நனைந்த தரை. பெலே ஓய்வு பெற ஒரு வாரம்தான் இருந்தது. அவரைப் பிடித்து வைக்கும் வேலை கௌதம் சர்க்காருக்கு, பி.கே.யின் தம்பி பிரசூனும் அந்த அணியில் இருந்தார். கார்லோஸ் ஆல்பர்ட்டோ காஸ்மாஸுக்கு முதல் கோல் போட, ஷ்யாம் தாபாவும் முகமது ஹபீபும் திருப்பியடித்து 2-1 என முன்னிலை எடுத்தார்கள். சர்ச்சைக்குரிய ஒரு பெனால்டியில்தான் காஸ்மாஸ் 2-2 என்று தப்பியது. அதைவிடப் பெரிய காரியம் அதன்பிறகு நடந்தது: பெலேயைப் பார்த்த மயக்கத்தில் கிறங்கிக் கிடக்காமல், நான்கே நாளில் அதே அணி ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என வென்றது. அந்தப் பருவத்தில் டியூராண்ட், ரோவர்ஸ் கோப்பைகளும் சேர்ந்து மோகன் பாகானுக்கு மூன்று கிரீடம்.

தேசிய அணியோடு அவருக்கு அந்த ராசி அமையவில்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டின் காலிறுதியில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சவூதி அரேபியா அடித்த ஒற்றை கோலில் இந்தியா வெளியேறியது. சவூதியும் கொரியாவும் அதற்குள் வேறு உயரத்துக்குப் போய்விட்டன. பேச்சால் நிரப்ப முடியாத இடைவெளி அது. ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. அந்த இந்திய அணியின் கேப்டன் பாஸ்கர் கங்குலி, 1975-இல் பி.கே.யின் பையன்களிடம் நான்கு கோல் வாங்கிய அதே பாஸ்கர்.

2020 மார்ச் 20-இல், 83-வது வயதில் பி.கே. காலமானார். நாற்பத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 30-இல் சுனி கோஸ்வாமி போனார். மூவரில் மிஞ்சிய பலராம் 2023 பிப்ரவரி 16 வரை இருந்தார். நுரையீரல் நோயால் 1963-இலேயே, உச்சத்தில் இருந்தபோது ஆட்டத்தை விட வேண்டி வந்த பலராமின் கதை அடுத்த இதழில்.