மூன்றாவது தட்டு

கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர் பேத்தமங்களா. பாலாற்றைத் தேக்கிய அவ்வூர் ஏரியிலிருந்து சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குடிநீர் போனது. 1880-ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்கு, 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்சாரமும் கொண்டுவந்தார்கள். இயந்திரம் என்றாலே பெருமுதல் கேட்கும் சமாச்சாரம் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருந்தால் வியப்பில்லை.

அதே பாலாறு தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஓடும் வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். வானியலாளர் வைணு பாப்பு முன்னின்று நிறுவிய அவ்வூர் வானாய்வகம் 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கியது. அது கொடைக்கானல் வானாய்வகத்திலேயே செய்த கருவி.

தொலைநோக்கிக் கண்ணாடியைக் குழிக்கப் பெரிய இயந்திரம் கட்டாயமல்ல. இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு, திசை மாற்றி மாற்றித் தேய்த்தால் மேலது குழியும், கீழது புடைக்கும். எப்படி நகர்த்தினாலும் ஒன்றோடொன்று முழுக்க ஒட்டுவது கோளப் பரப்பு என்பதால் அந்த வடிவம் தானாகவே அமைகிறது. சரிபார்க்க 1858-ல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ காட்டிய வழி அதைவிட எளிது. சிறு துளையிட்ட விளக்கும் ஒரு சவர பிளேடும் போதும். கண்ணாடி திருப்பியனுப்பும் ஒளி குவியும் இடத்தில் பிளேடை மெல்ல நுழைத்தால், தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த மேடுபள்ளம்கூட நிழலாகத் தெரிந்துவிடும்.

இரும்புப் பட்டறையின் சமதளத் தட்டும் இப்படி ஒத்துப்பார்த்துப் பிறந்ததுதான். இரண்டே தட்டுகளை ஒத்துப்பார்த்துச் சுரண்டினால் ஒன்று குழிந்து, மற்றது புடைத்து, பொருந்திவிட்டதாக ஏமாற்றும். மூன்றாவது தட்டைச் சேர்த்து, திருப்பியும் வைத்து மாறி மாறிப் பார்த்தால் அந்த ஏமாற்று நிற்காது. மூன்றும் பொருந்த வேண்டுமானால் மூன்றும் சமதளமாக வேண்டும். பொறியாளர் ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் இத்தகைய தளங்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார். வேண்டியவை ஒட்டும் மேடுகளைக் காட்டக் கொஞ்சம் நீலச் சாயம், பழைய அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டி, நாள்கணக்கில் பொறுமை. மலிவு என்று பேசுபவர்கள் இந்த மூன்றாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பொழுதுபோக்காக லேத்து ஓட்டுபவர்களுக்குக் காசுக்குப் பதிலாகப் பொறுமையைக் கொடுக்கும் இந்தப் பேரம் பழக்கமானது. அவர்களுக்காக 1898-லேயே பெர்சிவல் மார்ஷல் லண்டனில் 'மாடல் இன்ஜினியர்' இதழைத் தொடங்கிவிட்டார். 1980-களில் அமெரிக்காவின் டேவிட் ஜின்ஜரி, கரியுலையில் பழைய அலுமினியத்தை உருக்கி லேத்து வார்க்கும் முறையை நூலாக்கினார். பாதி முடிந்த லேத்திலேயே அதன் மீதி பாகங்களைக் கடைந்துகொள்ளச் சொன்னதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அதற்காக மைக்ரோமீட்டரையும் பேரிங்கையும்கூட வீட்டில் செய்யக் கிளம்புவது வீண்வேலை.

காவலூர் வாங்கவும் செய்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திலிருந்து 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளின் வளையங்களுக்குச் சான்று பதிவுசெய்த வானாய்வகங்களில் காவலூரும் சேர்ந்தது அந்த வாங்கிய கருவியால்தான். ஆனாலும் தேய்க்கும் கை ஓயவில்லை. 234 சென்டிமீட்டர் கண்ணாடிக்கான கட்டியை ஜெர்மனியில் வாங்கி, ஒளியியல் நிபுணர் ஏ.பி. ஜெயராஜன் வழிகாட்டலில் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தத் தொலைநோக்கி 1986 ஜனவரியில் காவலூரில் திறந்துவைக்கப்பட்டது.