இணையவழி வரலாற்றுப் பாடமும் மூலச்சான்று வாசிப்பும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

வகுப்பறைக்கு வெளியே வரலாறு கற்பிக்கும் முயற்சி இந்தியாவில் பெருந்தொற்றுக் காலத்தில் தோன்றியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயர்கல்வி நிகழ்ச்சிகள் தூரதர்ஷனில் ஒளிபரப்பாயின. 'ஸ்வயம்' தளம் 2017இல் வந்தது. ஊடகம் மாறிய போதிலும், முடிந்த முடிபாக வடிக்கப்பட்ட பாடத்தை மாணவர் பெற்றுக்கொள்ளும் முறை பெரிதும் மாறவில்லை.

ஸ்வயம் பாடம் காணொலி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளால் ஆனது. ஒரு பருவத்தில் இவ்வழி பயிலத்தக்க பாடங்களின் வரம்பை 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் 20 விழுக்காடாக வைத்தன; 2021இல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. எனவே இப்பாடங்களில் எது வரலாற்றுக் கல்வியாகக் கொள்ளப்படுகிறது என்பது பட்டத்தின் தரத்தையே தொடும் வினாவாகும்.

முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டு எவ்வூரில் உள்ளது என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். ஆனால் அங்குள்ளவை இரண்டு கல்வெட்டுகள்: ஒன்று 12ஆம் ஆட்சியாண்டிற்கு (கி.பி. 919) உரியது, மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிற்கு (கி.பி. 921) உரியது. முன்னது உறுப்பினர் வயதை 30க்கு மேல் 60க்குள் என்கிறது; பின்னது 35க்கு மேல் 70க்குள் என்கிறது. இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதியைத் திருத்தியது ஏன்? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடையோரே தகுதியுடையோர் எனின், குடவோலையில் பெயர் எழுதப்பெறாதோர் யாவர்? (இதனை மக்களாட்சி என மேடைதோறும் புகழ்வோர் இவ்வினாவை எழுப்புவதில்லை.)

இவ்வாசிப்புக்கு இணையம் தடையன்று. இரு பாடங்களையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி குறிப்பெழுதி, சக மாணவரின் குறிப்பை மறுத்தெழுத அது இடந்தருகிறது. வெங்கையா 1904–05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் எழுதிய விளக்கத்தையும் உடன்வைக்கலாம். கைப்பேசியில் மட்டும் பயிலும் மாணவருக்கு இரு பத்திகள் ஒரே திரையில் அடங்கா என்பது உண்மையே. அவருக்கு ஓர் அச்சுப்படி போதும்.

இடர்ப்பாடு மதிப்பீட்டில்தான் உள்ளது. ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் ஒப்பீட்டுக் கட்டுரைகளைத் திருத்துவது இயலாததால், கொள்குறி வினாக்களே எஞ்சுகின்றன. எனினும், மாணவர் பயிலும் கல்லூரி தன் ஆசிரியர் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டுமென விதிமுறைகளே கூறுகின்றன. அப்பொறுப்பு பதிவு, தேர்வு ஆகிய அலுவல்களோடு நின்றுவிடாமல், இருபது மாணவரின் கல்வெட்டுக் குறிப்புகளைப் படித்துத் திருத்தும் பணியாக விரிதல் வேண்டும். அதற்குரிய நேரம் அவ்வாசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்தலும் வேண்டும்.