நெகிழிக்கான ஒட்டுப் பிரைமர்: வரலாறும் பயன்பாடும்

நெகிழிப் பரப்பின் மீது வண்ணம் பிடித்து நிற்பதற்காக, வண்ணத்துக்கு முன் மெல்லிய படலமாகப் பூசப்படும் திரவமே ஒட்டுப் பிரைமர் ஆகும். மரத்துக்கும் இரும்புக்கும் அடிப்பூச்சு பூசும் வழக்கம் பழமையானது. நெகிழிக்கெனத் தனிப் பிரைமர் தேவைப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வண்ணம் உரிவதற்குக் காரணம் வண்ணத்தின் தரம் மட்டுமன்று, அதைத் தாங்கும் பரப்பும்தான் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

காற்றுத் தூரிகை

ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை அமெரிக்காவில் 1870களின் பிற்பகுதியில் அப்னர் பீலர் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1890களில் சார்லஸ் பர்டிக் அதை மேம்படுத்தினார். தொடக்கத்தில் இக்கருவி நீர்வண்ண ஓவியத்துக்கும் புகைப்படங்களைத் திருத்துவதற்கும் பயன்பட்டது. தாள் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஒட்டுதல் பற்றிய கவலை அங்கே எழவில்லை. நெகிழி எதையும் உறிஞ்சாது. காற்றுத் தூரிகை நெகிழியின் பக்கம் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இருவகை நெகிழிகள்

1939இல் நிக்கோலஸ் கோவ் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலின் மாதிரியைப் பாலிஸ்டைரீன் என்னும் கெட்டியான நெகிழியில் வெளியிட்டது. பாலிஸ்டைரீனில் எனாமல் வண்ணம் நன்றாகவே பிடித்தது. 1959இல் அதே நிறுவனம் சிறிய போர்வீரர் பொம்மைகளைப் பாலிஎத்திலீனில் வெளியிடத் தொடங்கியது. இது 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் கிப்சன், ஃபாசெட் ஆகிய இருவரும் எதிர்பாராமல் கண்ட மெழுகு போன்ற பொருள். இந்த மென் நெகிழி வளையும், ஆனால் உடையாது. எனவே சிறுவர் விளையாட்டுக்கு ஏற்றதாக இருந்தது.

ஆனால் அதில் பூசிய வண்ணம் நிலைக்கவில்லை. பல மணி நேரம் உழைத்துத் தீட்டிய வீரனின் கணுக்காலும் துப்பாக்கி முனையும் ஒருமுறை வளைந்தாலே வண்ணம் செதிலாக உதிர்ந்தது. சோப்பு நீரில் கழுவியும், வெள்ளைப் பசையை அடிப்பூச்சாகத் தடவியும் பொழுதுபோக்காளர்கள் முயன்றனர். முழுப் பலன் கிட்டவில்லை.

வண்ணம் ஏன் ஒட்டவில்லை?

ஒரு திரவம் பரப்பில் பரவுமா, துளியாகத் திரளுமா என்பது மேற்பரப்பு ஆற்றலைப் பொறுத்தது. திரவத்துளி பரப்பைத் தொடும் கோணத்தை வைத்து இதனை 1805இல் தாமஸ் யங் விளக்கினார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் சிஸ்மன் பல திடப்பொருள்களை இம்முறையில் அளந்தார். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன் மட்டுமே. நீரின் மேற்பரப்பு இழுவிசையோ ஏறத்தாழ 72. அதனால்தான் இந்நெகிழிகளின் மேல் நீர் முத்துமுத்தாகத் திரள்கிறது. மேலும் இவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. வண்ணத்தின் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள இவற்றில் முனைவுத்தன்மை உள்ள இடங்கள் இல்லை.

தொழிற்சாலைகள் கண்ட வழி

1954இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். 1957இல் ஃபெர்ராரா நகரில் அதன் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. இவ்வகை வினையூக்கிகளுக்கு வழிகோலிய கார்ல் சீக்லருக்கும் நாட்டாவுக்கும் 1963இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலிவும் உறுதியும் கொண்ட இப்பொருள் வாளி முதல் கார் உறுப்பு வரை பரவியது. அதனுடன் வண்ணம் ஒட்டாத சிக்கலும் பரவியது.

முதலில் மின்பொறி, தீச்சுடர் ஆகியவற்றால் பரப்பை ஆக்சிசனேற்றும் முறைகள் வந்தன. மெல்லிய தாள்களுக்கும் புட்டிகளுக்கும் இவை பொருந்தின. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து பம்பர் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. அடுத்த ஆண்டுகளில் உலோக பம்பர்களின் இடத்தை நெகிழி பிடித்தது. பாலிபுரோப்பிலீனும் ரப்பரும் கலந்த பம்பருக்குக் காரின் நிறத்திலேயே வண்ணம் பூச வேண்டியிருந்தது. இதற்குக் குளோரினேற்றப்பட்ட பாலியோலிஃபீன் கலந்த பிரைமர் துணையானது. அதன் சங்கிலிகள் நெகிழிப் பரப்போடு பின்னிக்கொள்கின்றன, குளோரின் பகுதி வண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பொருள் இரு பக்கமும் கைகோத்து நிற்கிறது எனலாம்.

தேர்வும் பூச்சும்

பிரைமரைத் தேர்ந்தெடுக்கும் முன் நெகிழி எதுவென அறிய வேண்டும். 1988இல் அறிமுகமான மறுசுழற்சி எண்கள் இதற்கு உதவும்: 2, 4 ஆகியவை பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். எண் இல்லையெனில் சிறு துண்டை நீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். முதலிரண்டும் மிதக்கும், கெட்டியான பாலிஸ்டைரீன் மூழ்கும். மூழ்குவதற்குச் சாதாரண மாதிரிப் பிரைமரே போதும். மிதப்பதற்குப் பாலியோலிஃபீனுக்கான ஒட்டுப் பிரைமர் வேண்டும். அதிலுள்ள வலிய கரைப்பான்கள் பாலிஸ்டைரீனை அரித்துவிடும் என்பதால் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

வார்ப்பச்சின் எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பின், காற்றுத் தூரிகையால் மிக மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தடித்தால் பிரைமர் படலமே பிளந்து வண்ணத்தோடு பெயரும். கரைப்பான் ஆவி நச்சுத்தன்மை உடையது. காற்றோட்டமான இடமும் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம்.

நன்கு உலர்ந்ததும், வீண்துண்டு ஒன்றில் நெடுக்காக 6 கோடுகளும் குறுக்காக 6 கோடுகளும் கீறினால் 25 கட்டங்கள் கிடைக்கும். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி இழுக்க வேண்டும். தொழிற்சாலைகளிலும் நடைமுறையில் உள்ள சோதனை இது. கட்டங்கள் பெயராமல் இருந்தால் மட்டுமே உண்மைப் பொருளில் பூசத் தொடங்கலாம்.